கொதிகலனுக்கு முன் கிடங்கு

தாவர எரிபொருளால் இயங்கும் கொதிகலன் நிறுவக் கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கைகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். கொதிகலனைப் பற்றிய பகுதி பல பக்கங்களுக்கு விரியும். அதன் கொள்ளளவு, அழுத்தம், செயல்திறன், புகைத்தூசியை வடிகட்டும் கருவி, விலைப்புள்ளிகள் ஆகிய அனைத்தும் ஒழுங்காக இடம்பெற்றிருக்கும். எரிபொருளை எங்கே, எவ்வளவு, எத்தனை நாட்களுக்குச் சேமிப்பது என்று தேடினால், ‘கூரையுடன் கூடிய கொட்டகை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். சில அறிக்கைகளில் அந்த வரியும் இராது. ‘எரிபொருள் சுற்றுவட்டாரத்திலேயே தாராளமாகக் கிடைக்கும்’ என்ற நம்பிக்கை மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

அந்த நம்பிக்கை ஆண்டின் ஏழெட்டு மாதங்களுக்குச் சரியாகவே இருக்கும். எஞ்சிய மாதங்களில்தான் தொழில் தத்தளிக்கிறது. தாவர எரிபொருள் திட்டம் ஒன்றின் வெற்றி தோல்வியைக் கொதிகலனைவிடக் கிடங்கே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே கிடங்கு திட்டத்தின் முதல் பக்கத்திற்கு வர வேண்டும்; வங்கிகளும் அதனை அவ்வாறே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

நிலக்கரியும் அறுவடையும்

நிலக்கரி, இயற்கை ஏற்கெனவே சேமித்துவைத்த எரிபொருள். தையில் வெட்டினாலும் ஆடியில் வெட்டினாலும் அது நிலக்கரியே. தாவர எரிபொருள் அப்படிப்பட்டதன்று. கரும்புச் சக்கை அரைவைப் பருவத்தில் வருகிறது. பருத்திமார் பருத்தி எடுத்து முடிந்த பின் வருகிறது. நெல் உமி அரிசி ஆலை ஓடும்போது வருகிறது. ஆனால் ஆலைக்கு நீராவி நாள்தோறும் வேண்டும். சில மாதங்களில் விளைவதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு முழுவதும் கிடங்கின் மீதே விழுகிறது.

இடத்தின் கணக்கும் வேறு. ஒரு கனமீட்டர் நிலக்கரி ஏறத்தாழ 800 கிலோ எடை இருக்கும். நன்கு அழுத்திச் செய்த பிரிக்கெட் கட்டிகள் ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். நெல் உமியோ 100 முதல் 120 கிலோ மட்டுமே. எடை குறைவதோடு, ஒரு கிலோவில் உள்ள வெப்பமும் உமியில் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிலக்கரி தரும் அதே வெப்பத்திற்கு உமியை வைக்க ஒன்பது பத்து மடங்கு இடம் தேவைப்படுகிறது. நிலக்கரிக் கொதிகலனை அகற்றிவிட்டு உமிக் கொதிகலனை அதே இடத்தில் வைத்துவிடலாம். நிலக்கரி கொட்டிவைத்த மூலையில் உமியை வைத்துவிட முடியாது.

டென்மார்க் கற்ற பாடம்

குளிர்நாடுகளில் ஒரு நகரத்திற்கோ சிற்றூருக்கோ பொதுவான வெப்ப நிலையம் ஒன்றை அமைத்து, அங்கே சூடாக்கிய நீரைக் குழாய்கள் வழியாக வீடுவீடாக அனுப்பும் முறை உண்டு. டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இம்முறையில்தான் வெதுவெதுப்பைப் பெறுகின்றன. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அந்நாட்டின் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பின், 1979-இல் வெப்ப வழங்கலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றினார்கள். பின்னர் வயலில் வைக்கோலை எரிப்பதற்குத் தடை வந்தது. எஞ்சிய வைக்கோலில் ஒரு பகுதி ஊர் வெப்ப நிலையங்களுக்குப் போகத் தொடங்கியது.

அங்கே வைக்கோலை எரிக்கும் உலை பெரிய அதிசயமன்று. கோடையின் முடிவில் அறுவடையாகும் வைக்கோலைக் குளிர்காலம் முழுவதற்கும் எப்படிக் காப்பாற்றுவது என்பதே அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல். நிலையத்தின் வளாகத்தில் சில நாட்களுக்கான கட்டுகளையே வைத்தார்கள். பெரும்பகுதியை உழவர்கள் தங்கள் பண்ணைக் கொட்டகைகளில் வைத்திருந்து, ஒப்பந்தப்படி மாதந்தோறும் அனுப்பினார்கள். பருவத்தின் பிற்பகுதியில் அனுப்புபவருக்கு, அதுவரை காத்துவைத்ததற்காக விலை சற்றுக் கூடும். அரை டன் எடையுள்ள கட்டுகளைப் பளுதூக்கி இறக்கும்போதே எடையும் ஈரமும் அளக்கப்படும். ஈரம் வரம்பை மீறினால் சுமை திருப்பி அனுப்பப்படும். அதாவது, சேமிப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்த விலை உழவரின் கைக்குச் சென்றது. வைக்கோல் வெப்ப நிலையங்கள் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

புணேயின் தேவை

புணேயில் எவருக்கும் வீட்டைச் சூடாக்கும் குழாய் தேவையில்லை. ஆனால் தொழிற்சாலைகளுக்கு வெப்பம் தேவை. பாலைப் பதப்படுத்த, துணிக்குச் சாயமேற்ற, மருந்து தயாரிக்க, உணவைச் சமைத்து அடைக்க, அட்டைப்பெட்டி செய்ய நீராவி வேண்டும். பொதுக் கொதிகலன் ஒன்றிலிருந்து பல ஆலைகளுக்குக் குழாய் வழியே நீராவி விற்கும் முறை குஜராத்தின் வாபி, சச்சின், அங்கலேஷ்வர் போன்ற தொழிற்பேட்டைகளில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. டென்மார்க்கின் ஊர் வெப்ப நிலையத்திற்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இதுவே. அவற்றில் பெரும்பாலும் எரிவது நிலக்கரி. அதன் இடத்தில் தாவர எரிபொருளை வைக்க வேண்டுமென்றால், முதலில் எழும் கேள்வி கிடங்கைப் பற்றியதாகவே இருக்கும்.

புணேக்கு இதில் இயல்பான தகுதிகள் உண்டு. கொதிகலன் தயாரிப்பில் நாடறிந்த தெர்மாக்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது. கரும்பு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற வசந்ததாதா சர்க்கரை நிறுவனம் நகருக்கு அருகே மாஞ்சரியில் இயங்குகிறது. மாவட்டமெங்கும் கரும்பு விளைகிறது. 100 டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத் தங்களுக்கான நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகின்றன. வயலில் கிடக்கும் கரும்புச் சோகையின் கதி வேறு. அதைச் சேகரித்து வைக்க இடமும் வாங்க ஆளும் இல்லாதபோது, உழவர் அதற்குத் தீ வைக்கிறார்.

நாடு முழுவதற்கும் இதே நிலைமைதான். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 75 கோடி டன் தாவரக் கழிவு கிடைக்கிறது என்றும், அதில் ஏறத்தாழ 23 கோடி டன் வேறு பயனின்றி எஞ்சுகிறது என்றும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மதிப்பிட்டுள்ளது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 விழுக்காடு தாவர எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. பெரிய மின் நிலையங்களும் வாங்குவதற்கு வரிசையில் நிற்கும்போது, சாகணிலோ போசரியிலோ உள்ள சிறு ஆலை மழைக்காலத்தில் அன்றாடம் சந்தையில் வாங்கிப் பிழைத்துவிட முடியுமா?

வைக்கோற்போரும் காகித ஆலையும்

சேமிப்பின் அருமை தமிழர்க்குப் புதிதன்று. நம் ஊர்களில் வைக்கோற்போர் போடுவது தனிக் கைத்திறன். மேடான இடம் பார்த்து, அடியில் ஈரம் ஏறாதபடி அமைத்து, மழைநீர் வழிந்தோடும்படி உச்சியைக் கூம்பாக வேய்ந்து, ஓராண்டுக்கு மாட்டுத் தீவனம் கெடாமல் காத்தார்கள். சரியாகக் காயாத வைக்கோலைப் போரில் ஏற்றினால் உள்ளே சூடேறிப் புழுங்கும் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே அறிவு தொழில் அளவில் வெளிப்பட்ட இடம் கரூர் மாவட்டத்தின் காகிதபுரம். தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. சக்கை எரிபொருளாகப் பயன்படுவது சர்க்கரை ஆலைகளுக்கு இன்றியமையாதது. எனவே அந்த ஆலைகளுக்கு நீராவிக்கான மாற்று ஏற்பாட்டைத் தந்து, பதிலாகச் சக்கையைப் பெறும் ஒப்பந்த முறை உருவானது. அரைவைப் பருவத்தில் வரும் சக்கையை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கெனவே பரந்த சேமிப்புக் களம் அமைக்கப்பட்டது. தக்கை போன்ற பகுதியைப் பிரித்தெடுத்து எரிபொருளாக்கி, நார்ப்பகுதியை நீரோடு கலந்து பெரும் குவியலாக்கி இறுக்கி, ஈரம் குறையாமல் காக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. காகிதத்திற்கான சக்கையை நன்கு நனைத்து வைப்பதே பாதுகாப்பு. எரிபொருளுக்கான சக்கையை உலர்த்தி வைப்பதே பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவே அரைகுறை ஈரத்தோடு விடுவதுதான் ஆபத்து. பொருள் ஒன்றே ஆயினும், பயனுக்கேற்பச் சேமிப்பு முறை மாறுகிறது. அந்த ஆலையை வகுத்தவர்கள் களத்தை ஆலையின் ஓர் உறுப்பாகவே கருதினார்கள். ஆலையைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த மூலையில் களத்தைத் தேடவில்லை.

ஈரம் செய்யும் வேலை

கிடங்கு சரியில்லாவிடில் நிகழ்பவை மூன்று. முதலாவது, பண இழப்பு. கணக்கின் வசதிக்காகப் பிரிக்கெட் விலை கிலோவுக்கு 7 ரூபாய் என்று கொள்வோம். 10 விழுக்காடு ஈரம் என்று பேசி வாங்கிய 15 டன் சுமை உண்மையில் 20 விழுக்காடு ஈரத்தோடு வந்திருந்தால், அந்த லாரியில் ஒன்றரை டன் கூடுதல் தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்குக் கொடுத்த விலை 10,500 ரூபாய். இழப்பு அதோடு முடியவில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றவும் எஞ்சிய எரிபொருளின் வெப்பமே செலவாகிறது. பசையின்றி அழுத்தத்தால் மட்டும் இறுகிய பிரிக்கெட் மழையில் நனைந்தால், ஊதிப் பெருத்து உதிர்ந்து மீண்டும் தூளாகிவிடும்.

இரண்டாவது, தானே பற்றும் தீ. ஈரமுள்ள குவியலில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. குவியல் பெரிதானால் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழியில்லை. ஓரளவு சூடேறிய பின் வேதிவினை தொடங்கி, வெப்பம் மேலும் ஏறுகிறது. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே கங்கு உண்டாகிவிடும். இங்கிலாந்தின் டில்பரி மின் நிலையத்தில் 2012 பிப்ரவரியில் மரத்தூள் உருண்டைகளின் சேமிப்புப் பகுதியில் பெருந்தீ மூண்டது. டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகர வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் ஸ்டுட்ஸ்ட்ரூப் நிலையத்தின் கொள்கலனில் 2022 செப்டம்பரில் பற்றிய தீ வாரக்கணக்கில் நீடித்தது. அனுபவமும் ஒழுங்கும் மிக்க நாடுகளிலேயே நிலைமை இதுவானால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? இத்தகைய கொள்கலன் தீயில் தண்ணீரைப் பீய்ச்சுவதும் எளிய தீர்வன்று. உருண்டைகள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து நைட்ரஜன் போன்ற வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைப்பதே அங்கு வழக்கம்.

மூன்றாவது, உயிரிழப்பு. மூடிய அறையில் குவிந்த மர உருண்டைகளிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஐரோப்பாவில் வீட்டு அளவிலான சேமிப்பறைகளிலும் கப்பல்களின் சரக்கறைகளிலும் இதனால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். மெல்லிய தூசி காற்றில் பரவியிருக்கும்போது ஒரு தீப்பொறி வெடிப்பை உண்டாக்கிவிடும். கிடங்கில் இறங்கி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் அவர்களின் உயிருக்கான ஏற்பாடுகள். அவற்றைச் சிக்கனத்தின் பெயரால் விட்டுவிடுவது அறமன்று.

ஒரு கணக்கு

வணிகவியல் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம், சரக்கிருப்பு வைப்பதற்கு ஒரு செலவு, வைக்காமல் இருப்பதற்கு ஒரு செலவு என்பது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். கீழே வருவது மாதிரிக் கணக்கே. விலைகளும் வட்டியும் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மணிக்கு 4 டன் நீராவி தரும் கொதிகலன் ஒன்று நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது. ஒரு கிலோ நல்ல பிரிக்கெட்டிலிருந்து நாலரை முதல் ஐந்து கிலோ நீராவி கிடைக்கும். ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 17.5 டன் பிரிக்கெட் தேவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான 120 நாட்களுக்கு 2,100 டன். இதன் கன அளவு 3,500 கனமீட்டர். 4 மீட்டர் உயரத்திற்கு அடுக்கினால் 875 சதுர மீட்டர் தளம் வேண்டும். அடுக்குகளுக்கு இடையே தீத்தடுப்பு இடைவெளியும் லாரி திரும்பும் வழியும் சேர்த்தால் 1,400 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 15,000 சதுர அடி. தொழிற்பேட்டையில் சிறு மனை வைத்திருப்பவர் இந்த எண்ணைக் கொதிகலன் வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இருப்பின் மதிப்பு 1 கோடியே 47 லட்சம் ரூபாய். பிப்ரவரி முதல் மே வரை சிறுகச் சிறுகச் சேர்த்து, அடுத்த நான்கு மாதங்களில் சிறுகச் சிறுகச் செலவிட்டால், எட்டு மாதங்களுக்குச் சராசரியாக 73.5 லட்சம் ரூபாய் முடங்கியிருக்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் அதன் செலவு ஏறத்தாழ 4.9 லட்சம் ரூபாய். இருப்பு வைக்காமல், மழைக்காலத்தில் கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் ஆகும் கூடுதல் செலவு 21 லட்சம் ரூபாய். கொட்டகையின் தேய்மானம், காவல், காப்பீடு, உதிரும் இழப்பு ஆகியவற்றை வட்டியோடு சேர்த்தாலும், பெரும்பாலான நேர்வுகளில் தராசு இருப்பின் பக்கமே சாயும். சந்தையில் எரிபொருளே கிடைக்காமல் ஆலை நிற்கும் நாட்களின் இழப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை.

கிடங்கு முடங்கிய முதலீடு என்றும், இருப்பு வைப்பது எரிபொருள் வழங்குபவரின் வேலை என்றும் சிலர் வாதிடுவர். இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. டென்மார்க்கில் உழவர்களே பெரும்பகுதியைச் சேமித்தார்கள் அல்லவா? ஆனால் அங்கே சேமிப்பவருக்கு விலை கிடைத்தது, ஒப்பந்தம் இருந்தது, கொட்டகை இருந்தது. இங்கே எவ்வித உறுதியும் தராமல், மழை மாதங்களிலும் வெயில் மாதங்களின் விலையிலேயே அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஏற்பாட்டில் முதலில் கைவிடப்படுபவர் சிறிய வாடிக்கையாளரே. அவர் வேறு வழியின்றி நிலக்கரிக்கோ உலை எண்ணெய்க்கோ திரும்புகிறார். பல லட்சங்கள் செலவிட்டு நிறுவிய கொதிகலன் ஓய்ந்திருக்க, அதன் தவணை மட்டும் ஓயாமல் வருகிறது.

இயந்திரத்திற்கு மானியம், இடத்திற்கு?

பொதுக் கொள்கையிலும் இதே சாய்வு தெரிகிறது. நெல் வைக்கோலைச் சேகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் சங்கிலியை வளர்க்க மத்திய அரசு 2023-இல் பயிர்க்கழிவு மேலாண்மை வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. இயந்திரங்களின் செலவில் அரசு 65 விழுக்காடும், வைக்கோலை வாங்கும் தொழில்துறை 25 விழுக்காடும், உழவர் குழு 10 விழுக்காடும் ஏற்பது என்ற ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஆனால் சேகரித்த வைக்கோலை வைக்கும் நிலத்தைப் பயனாளியே தேடிச் சீர்செய்துகொள்ள வேண்டும். நடைமுறை மூலதனத்தையும் பயனாளியும் தொழில்துறையும் தாங்களாகவோ நிதி நிறுவனங்கள் வழியாகவோ திரட்டிக்கொள்ள வேண்டும். கட்டு கட்டும் இயந்திரம் மானியத்தில் கிடைத்தாலும், கட்டிய வைக்கோல் வானத்தின் கீழே கிடக்குமானால் உழவருக்கு என்ன மிஞ்சும்?

இந்த இடைவெளியை நிரப்புவது வங்கிகளின் கையில் பெரிதும் உள்ளது. தாவர எரிபொருளால் மின்சாரம் எடுப்போர் போன்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்கான கடன்களை முன்னுரிமைத் துறைக் கடனாகக் கொள்ளும் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் முதல் 35 கோடி ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. 2020-இல் தொடங்கப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ், தகுதியுள்ள திட்டங்களுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை, ஏழாண்டுகள் வரை உண்டு. எந்தச் சேமிப்பு அமைப்பு எந்தத் திட்டத்தில் இடம்பெறும் என்பதை விண்ணப்பத்திற்கு முன் கிளையில் உறுதிசெய்துகொள்வது நல்லது. வாய்ப்புகள் இருக்கின்றன, அவற்றைக் கிடங்கை நோக்கித் திருப்பும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

செய்ய வேண்டியவை

வங்கிகள் மூன்றைச் செய்யலாம் என்பேன். கிடங்கு, எடைமேடை, ஈரமானி, தீத்தடுப்பு ஆகியவற்றைக் கொதிகலனோடு சேர்த்து ஒரே திட்டச் செலவாகக் கருதித் தவணைக் கடன் வழங்க வேண்டும். இடமே இல்லாத திட்டத்திற்குக் கொதிகலன் கடனைத் தொடங்கக் கூடாது. சர்க்கரை ஆலைகளுக்கும் பருத்தி அரைவை ஆலைகளுக்கும் பருவத்திற்கேற்பக் கூடிக் குறையும் நடைமுறைக் கடன் வரம்பு வழங்குவது நெடுநாள் பழக்கம். அதே முறையைத் தாவர எரிபொருள் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் விரிவாக்க வேண்டும். மூன்றாவதாக, சரக்கிருப்பை ஆய்வு செய்யும் அலுவலர் எடையோடு ஈரத்தையும் கேட்க வேண்டும். ஈரம் தெரியாத எரிபொருள் இருப்பின் மதிப்பு, தாளில் எழுதிய மதிப்பு மட்டுமே.

தொழிற்பேட்டை நிர்வாகங்கள் பொதுக் கிடங்குக்கு இடம் ஒதுக்கலாம். பத்துச் சிறு ஆலைகள் தனித்தனியே பத்துக் கொட்டகைகள் போடுவதைவிட, குடியிருப்புகளுக்குத் தள்ளி, தீயணைப்பு வசதியோடு ஒரே களம் அமைப்பது பாதுகாப்பும் சிக்கனமும் ஆகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அக்களத்திற்கோ தங்கள் ஊர்க் கிடங்குக்கோ பொறுப்பேற்கலாம். தானியத்திற்கு இருப்பதுபோல், கிடங்கு இரசீதை ஈடாக வைத்துக் கடன் பெறும் முறை எரிபொருளுக்கும் பரவினால், சோகையை எரிக்காமல் சேர்த்து வைப்பதற்கு உழவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

வாடிக்கையாளர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆலையின் தொடக்கத்தை மழைக்காலத்தில் வைக்காதீர்கள். அறுவடைக்குப் பின் தொடங்கினால் முதல் மழைக்கு முன் இருப்பைச் சேர்க்க அவகாசம் கிடைக்கும். ஒரே எரிபொருளை நம்பாமல், இரண்டு மூன்று வகைகளை ஏற்கும் கொதிகலனைத் தேர்ந்தெடுங்கள். தளத்தைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்துங்கள். ஒரே பெருங்குவியலாக வைக்காமல், இடைவெளி விட்டுப் பல அடுக்குகளாக வையுங்கள். முதலில் வந்ததை முதலில் எரியுங்கள். குவியலின் நடுவில் வெப்பநிலையை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். எரிபொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் விலையோடு ஈர வரம்பையும், வரம்பை மீறினால் கழிக்கும் தொகையையும் எழுதுங்கள்.

காப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான தீக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில், பொருள் தானே புளித்தோ சூடேறியோ பற்றிக்கொள்வதால் நேரும் இழப்பு விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் செலுத்தினால்தான் அது சேரும். தாவர எரிபொருள் கிடங்குக்கு மிக இயல்பான ஆபத்தே அதுதான். பாலிசி கையில் வந்ததும் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரியை விட்டு விலகும் ஒவ்வோர் ஆலையும் காற்றுக்கும் உழவருக்கும் நன்மை செய்கிறது. அந்த முயற்சி முதல் மழையிலேயே தோற்றுவிட்டால், அடுத்த பத்துப் பேர் அதைத் தொடவே தயங்குவார்கள். எனவே இத்தகைய திட்டத்தோடு கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கொதிகலனின் விலைப்புள்ளியோடு மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள்: நாளொன்றுக்கு எத்தனை டன் எரிபொருள் வேண்டும், மழைக்காலத்தில் எத்தனை நாட்களுக்கு இருப்பு வைப்பீர்கள், அதற்கு எத்தனை சதுர அடி கூரை உங்களிடம் உள்ளது. அந்த மூன்று எண்களும் தெளிவாக இருந்தால், மற்றவற்றைப் பேசுவது எளிது.